சுவரில் ஒட்டிய ஷாம்ராக்

பூட்ஸைத்தான் நோனி முதலில் பார்த்தாள்.

மார்ச் மாதத்தில் கில்மோரனில் எந்த ஆம்பளையின் பூட்ஸும் பளபளக்காது. பண்டிகைப் பூசைக்கென்று முந்தின நாளே மை போட்டுத் தேய்த்து வைத்தாலும், மாட்டுச் சந்தை ஓரமாக நடந்து கோயில் வாசலை மிதிப்பதற்குள் பழைய நிறத்துக்கு வந்துவிடும். இவனுடையதில் ஓரத்தில் மட்டும் சேறு. மேலே முகம் பார்க்கலாம். கயிறு இரண்டு காலிலும் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டிருந்தது. யாரோ வரிசையில் நிறுத்திப் பார்வையிடுவார்கள் என்று பயந்து கட்டின முடிச்சு.

பின்கதவைப் பாதி திறந்தபடியே நோனி மோசியைப் பார்த்தாள். மோசி லில்லிஸ் மாட்டு வியாபாரி. வாயைத் திறந்தால் மூட மறந்துவிடுகிற ஆள்.

"யாரு இது?"

"நம்ம ஆளுதான், நோனி."

"நம்ம ஆளுன்னா? பேரு?"

மோசி திரும்பினான். "தம்பி, உங்க பேரு என்ன சொன்னீங்க?"

"ஃபெர்கல் டிம்லின்," என்றான் அவன். குரல் இந்தக் கிளேர் மாவட்டத்துக் குரல் இல்லை.

"பாத்தியா, டிம்லின். பூசை முடிஞ்சு வெளிய வரப்ப எனக்காகக் கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. நல்ல மனுசன்."

"அவரு கோயில் கதவைப் புடிச்சதுக்கு நான் என் கதவைத் திறக்கணுமா?"

ஆனாலும் திறந்துதான் ஆகவேண்டியிருந்தது. பட்டப்பகலில் இரண்டு பேரைப் பின்வாசலில் நிறுத்தி வைத்துப் பேசுவதைவிட ஆபத்து வேறில்லை. புனித பேட்ரிக் திருநாளன்று நாடு முழுக்க மதுக்கடைகளை மூட வேண்டும் என்பது சட்டம். தவக்காலம் முழுவதும் வாயைக் கட்டினவர்களுக்கு அந்த ஒரு நாள் விரதத்திலிருந்து விடுதலை. அந்த ஒரு நாள்தான் கடையும் கிடையாது. எந்தப் புண்ணியவான் யோசித்த சட்டமோ, அவன் தண்ணீர் மட்டுமே குடிக்கிறவனாக இருக்க வேண்டும்.

நோனி டூபிரிடியின் கடைக்கு முன்பக்கம் பூட்டு. பின்பக்கம் சமையலறை. வருஷா வருஷம் பூசை முடிந்ததும் நாலைந்து பேர் அங்கே வருவார்கள், ஆளுக்கு இரண்டு கிளாஸ் கறுப்பு பீர், பிறகு போய்விடுவார்கள். நோனியின் புருஷன் மார்ட்டின் உயிரோடு இருந்தபோது இரண்டு தடவை மாட்டியிருக்கிறான். நீதிபதி இரண்டு தடவையும் உரிமத்தின் முதுகில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்றாவது எழுத்து விழுந்தால் உரிமம் போகும். உரிமம் போனால் இந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சுவது அடுப்பும் பூனையும்தான். பர்மிங்ஹாமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் யார் வீட்டுத் தரையையாவது துடைக்க வேண்டும்.

உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் மணி அடிக்கும் செனன். அப்புறம் டவுன்ஸ் அண்ணன் தம்பி. ஒரு வேலித் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஆனால் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள், ஒரே கடையில்தான் குடிப்பார்கள். புது ஆளைக் கண்டதும் எல்லாருடைய கிளாஸும் பெஞ்சுக்குக் கீழே போயிற்று.

அவன் சுவரில் முதுகு படும்படி, கதவைப் பார்த்து உட்கார்ந்தான். இருக்கிற நாற்காலிகளில் அந்த ஒன்றிலிருந்துதான் இரண்டு கதவும் தெரியும். நோனிக்கு அதுவும் பிடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். முடி காதுக்கு மேலே நறுக்கென்று வெட்டியிருந்தது.

அவன் கோட்டில் திருநாளுக்காகக் குத்தியிருந்த ஷாம்ராக் பச்சிலைதான் எல்லார் கண்ணையும் இழுத்தது. கில்மோரன் ஆட்கள் காலையில் வயலில் குனிந்து, நகத்தால் கிள்ளி, சின்னதாக மூன்றிலைக் கொத்து ஒன்றைக் குத்திக்கொள்வார்கள். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பூசை முடிவதற்குள் வாடித் தலை தொங்கிவிடும். இவனோ ஒரு கைப்பிடிப் புதரையே சொருகியிருந்தான். இலை அகலம், பச்சை கண்ணைக் குத்தியது.

"தம்பி, மேய்ச்சல் நிலத்தையே குத்திக்கிட்டு வந்திருக்கீங்களே," என்றார் செனன். "வழியில மாடு எதுவும் பின்னால வரலயா?"

"ரெண்டு வந்துச்சு," என்றான் அவன். "ஒண்ணை மோசி அண்ணன் வித்துட்டாரு."

மோசி விழுந்து விழுந்து சிரித்தான். நோனி சிரிக்கவில்லை. பதில் வேகமாக வருகிறவன்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"எந்த ஊரு?"

"மேயோ பக்கம்மா."

"மேயோவுல பூசை இல்லையா? பண்டிகை நாளும் அதுவுமா இவ்வளவு தூரம்?"

"தங்குறதுக்கு எடம் பாக்கலாம்னு வந்தேன்."

"யாருக்கு வேண்டியவங்க இங்க?"

"இதுவரைக்கும் யாருமில்லைம்மா."

நோனி தேநீரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். "இன்னைக்கு இந்த வீட்ல இதுதான். வேற ஒண்ணும் கெடையாது."

"இதுவே போதும்மா."

"தவக்காலத்துக்கு எதை விட்டீங்க?" இயல்பாகக் கேட்பது போல்தான் கேட்டாள்.

"சர்க்கரை," என்றான் அவன் உடனே.

நோனி சர்க்கரைக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்கிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்தாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து சர்க்கரை தொடாதவன் இன்றைக்கு எத்தனை கரண்டி போடுவான்! அவன் வெறும் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தான். கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"சர்க்கரை?" என்றாள் நோனி.

அவன் காது சிவந்தது. "மறந்துட்டேம்மா," என்று நாலு கரண்டி அள்ளிப் போட்டுக் கலக்கினான். குடிக்கும்போது முகம் கோணியது.

பொய். இவனுக்குச் சர்க்கரையே பிடிக்காது. நோனி மோசியின் கையைப் பிடித்துக் கடைப் பக்கம் இழுத்துப் போனாள். கடையில் ஜன்னல் அடைத்து இருட்டாக இருந்தது.

"போலீஸ்டா அவன். மஃப்டில வந்திருக்கான்."

"நீ எதைப் பாத்தாலும் போலீஸ்ங்கிற. போன வருசம் அந்த சலேத் மாதா படம் விக்க வந்தவரையும் அப்படித்தான் சொன்ன."

"அவன் பூட்ஸைப் பாரு."

"சுத்தமா இருந்தா குத்தமா? நான் ஏதோ நாலு நல்ல மனுசன் வரட்டும்னு..."

"உனக்கு வேண்டியது நல்ல மனுசன் இல்ல, உன் கதையைப் புதுசா கேக்க ஒரு காது. என் உரிமம் போச்சுன்னா அடுத்த வருசம் எங்க போய்க் குடிப்ப? உன் மாட்டுத் தொட்டியிலயா?"

மோசி கொஞ்சம் யோசித்தான். "பீனா நிக்கிறாள்ல. அப்புறம் என்ன பயம்?"

பீனா செனனின் பெண்டாட்டி. ஆண்டுதோறும் அவள்தான் காவல். கோயில் வாசலில் நின்று யாருடனோ பேசுவது போல நிற்பாள். சார்ஜென்ட் கல்லினன் இந்தப் பக்கம் திரும்பினால் குடையை விரிப்பாள். மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். சார்ஜென்ட் எப்படியும் திருநாள் ஊர்வலத்தின் முன்னால், மேளக்காரர்களோடு நடந்துகொண்டிருப்பார். மேளச் சத்தம் கேட்கிற வரைக்கும் கவலை இல்லை.

நோனி திரும்பி வந்தபோது நிலைமை கைமீறிப் போயிருந்தது. டவுன்ஸ் அண்ணனுக்குப் பொறுமை போய், கிளாஸைப் பெஞ்சுக்குக் கீழிருந்து எடுத்துவிட்டார். அண்ணன் எடுத்தால் தம்பி விடுவாரா? அவரும் எடுத்துவிட்டார். அந்த டிம்லின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான், எதுவும் பார்க்காதவன் போல. எதுவும் பார்க்காதவன் போல இருக்க அவனுக்கு நன்றாகப் பழக்கம் இருந்தது.

இனி மறைத்து ஆகப்போவது என்ன? நோனி ஜாடியை எடுத்து எல்லாருக்கும் இரண்டாவது கிளாஸை ஊற்றினாள். அவனுக்கு ஊற்றவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. குடிக்காதவன் இங்கே எதற்கு வந்தான்?

"நோனி," என்றார் செனன், கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இதுல பாதி நுரை. உன் நெலவறைல இருக்கிற பிசாசு நல்லா கொழுத்திருக்கும்."

"என்ன பிசாசு?" என்றான் டிம்லின்.

"மேயோவுல இதுகூடச் சொல்லித் தரலயா?" செனனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நம்ம பேட்ரிக் ஒருநாள் ஒரு சத்திரத்துக்குப் போறாரு. யாருன்னு யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரன், பேச்சே வேற. ஆடு மேய்க்கிற அடிமையா கடல் தாண்டி இழுத்துக்கிட்டு வரப்பட்டவர்தானே மனுசன். சத்திரக்காரி அளவு குறைச்சு விஸ்கி ஊத்துறா. இவரு பாத்துட்டு, 'அம்மா, ஒன் நெலவறைல ஒரு பிசாசு இருக்கு, நீ ஏமாத்துற ஒவ்வொரு சொட்டையும் தின்னு கொழுக்குது'ங்கிறாரு. அவ பயந்து போயி அன்னைலேர்ந்து விளிம்பு தட்ட ஊத்துறா. அடுத்த தடவை வந்து பாத்தா பிசாசு எலும்பும் தோலுமா கெடக்கு. ஒரே வெரட்டு, ஓடிப்போச்சு. அப்பதான் சொன்னாரு, என் திருநாளன்னைக்கு எல்லாரும் ஒரு சொட்டு குடிங்கடான்னு."

"சொன்னவரு லைசென்ஸுக்குப் பொறுப்பு ஏத்துக்கலையே," என்றாள் நோனி.

"வெளியூர்க்காரனை நம்பாம இருந்தா அந்தச் சத்திரக்காரி என்ன ஆயிருப்பா?" மோசி டிம்லினைப் பார்த்துக் கண் அடித்தான்.

நோனி ஜாடியை மூடி வைத்தாள். அந்தச் சத்திரக்காரிக்குப் பெரிய கவலை ஒரு பிசாசுதான். தனக்கு அது நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம்.

கடைசிக் கிளாஸின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, திருநாள் வழக்கப்படி எல்லாரும் கோட்டிலிருந்து ஷாம்ராக்கைப் பிடுங்கினார்கள். கிளாஸுக்குள் போட்டு மூழ்கடித்தார்கள். மிச்சத்தைக் குடித்தார்கள். நனைந்த இலையை இடது தோளுக்கு மேலே பின்னால் எறிந்தார்கள். மோசியுடையது தரையில் விழுந்தது. டவுன்ஸ் அண்ணனுடையது தம்பியின் முதுகில் விழுந்தது. "என் முதுகுல குப்பை போட வேணாம்னு அவருகிட்டச் சொல்லு செனன்," என்றார் தம்பி. "அது தானா போய் விழுந்துச்சுன்னு அவன்கிட்டச் சொல்லு," என்றார் அண்ணன்.

அப்போதுதான் மேளச் சத்தம் நின்றது.

நடுப்பாட்டில், சட்டென்று. அதற்குப் பிறகு கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். நோனி மாடிப்படியில் ஓடினாள். ஜன்னல் வழியே பார்த்தால் ஊர்வலம் கலைந்து ஆளாளுக்குக் கூரை தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். கோயில் வாசலில் பீனா குடையை விரித்துப் பிடித்தபடி நின்றாள். கொட்டுகிற மழையில் வேறென்ன செய்வாள்? அவளைச் சுற்றி ஊரில் இருக்கிற அத்தனை குடையும் விரிந்திருந்தது.

தெருமுனையில் சார்ஜென்ட் கல்லினன். மழைக்கோட்டில், அவசரமே இல்லாமல், நேராக இவள் வீட்டை நோக்கி.

"வராரு," என்றாள் படியிலிருந்தே.

"குடையை விரிச்சாளா?" என்றார் செனன்.

"விரிச்சா! மழைக்கு விரிச்சா! மார்ச் மாசத்துல, கிளேர்ல, குடையை அடையாளமா வைக்கலாம்னு சொன்னது யாரு?"

செனன் தரையைப் பார்த்தார்.

நோனி டிம்லினைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றிருந்தான். இவன்தான். இவன்தான் சொல்லி வைத்து வந்திருக்கிறான். நேரம்கூடப் பேசி வைத்திருக்கிறார்கள். மோசி கிளாஸ்களை வெண்ணெய் கடையும் தொட்டிக்குள் இறக்கி மூடினான். நோனி அடுப்பில் கொதித்த பன்றிக்கறி, முட்டைக்கோஸ் பானையின் மூடியை எடுத்துப் போட்டாள். ஆவி கிளம்பி பீர் வாசனையை விழுங்கியது.

"ஜெபமாலை சொல்லலாம்," என்று டவுன்ஸ் தம்பி முழங்காலில் நின்றார்.

"அது பத்தாது," என்றான் டிம்லின்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"உங்க கோட்டைப் பாருங்க."

பார்த்தார்கள். நாலு கோட்டிலும் ஊசி குத்தின ஓட்டை மட்டும் இருந்தது. காலைப் பூசையில் எல்லார் நெஞ்சிலும் ஷாம்ராக் இருந்ததைச் சார்ஜென்ட் பார்த்திருக்கிறார். குடிக்காதவன் அதைச் சாயங்காலம் வரை கழற்ற மாட்டான்.

அவன் தன் கோட்டிலிருந்த புதரைப் பிடுங்கிப் பிய்த்தான். ஒரு கொத்து மோசிக்கு, ஒன்று செனனுக்கு, ஒவ்வொன்று அண்ணன் தம்பிக்கு. "குத்துங்க. சீக்கிரம். அம்மா, தரை." நோனி துடைப்பத்தால் ஈர இலைகளைக் கூட்டி அடுப்பில் தள்ளினாள். தணலில் அவை சீறின.  உதவி செய்கிறானா, இல்லை இன்னும் பெரிதாக எதிலாவது மாட்டிவிடப் பார்க்கிறானா?

முன்கதவு தட்டப்பட்டது.

நோனி பூட்டைத் திறந்து சார்ஜென்ட் உள்ளே வந்தபோது நாலு பேர் முழங்காலில் நின்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மந்திரம் முடியும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு ஒவ்வொரு கோட்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். மோசியிடம் நின்றார்.

"காலைல உன்னோடது சின்னதா, வாடிப் போயிருந்துச்சே மோசி."

"மழை பட்டா வளராதா சார்?"

"ஒருத்தனுக்குமே இவ்வளவு பெரிய இலை இருந்ததா எனக்கு ஞாபகம் இல்ல." அவர் பார்வை டிம்லினிடம் போய் நின்றது. அவன் கோட்டில் ஒன்றும் இல்லை. அவன் தனக்கென்று ஒரு இலைகூட வைத்துக்கொள்ளவில்லை. "இவரு யாரு? இவரோட ஷாம்ராக் எங்க போச்சு? யார் கிளாஸுக்குள்ள?"

 டிம்லின் குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றான்.

"கான்ஸ்டபிள் டிம்லின், சார். திங்கக்கிழமை உங்க ஸ்டேஷன்ல சேர உத்தரவு. தங்க எடம் பாக்க முன்னாடியே வந்தேன்."

 முழங்காலில் நின்ற மோசி நோனியைப் பார்க்காமல் இருக்கத் தன் ஜெபமாலையை உற்றுப் பார்த்தான்.

சார்ஜென்ட் மெல்லக் கேட்டார். "நல்லதாப் போச்சு. எப்பலேர்ந்து இங்க இருக்க?"

"பூசை முடிஞ்சதுலேர்ந்து சார்."

"என்ன குடுத்தாங்க?"

"தேத்தண்ணி சார். ரொம்ப இனிப்பா இருந்துச்சு."

"ஷாம்ராக்?"

"குடுத்துட்டேன் சார்."

சார்ஜென்ட் நாலு கோட்டையும் மறுபடி பார்த்தார். ஒரே புதரின் இலைகள் என்பது குருடனுக்கும் தெரியும். ஆனால் தன் சொந்த ஆள் தேநீர் என்று சொன்னபிறகு எந்த நீதிபதி முன்னால் போய் என்னத்தைச் சொல்வார்? தொட்டியின் மூடியைத் திறக்கக் கை நீண்டது. திறந்தால் இவனையும் சேர்த்துத்தான் வழக்கில் எழுத வேண்டும், வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயே. கை திரும்பிவிட்டது.

"என்கூட வா," என்றார். "திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்ல."

இருவரும் போனார்கள். நாலு பேரும் பின்கதவு வழியாக ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். போகும்போது டவுன்ஸ் அண்ணன் தம்பியிடம் நேராகவே சொன்னார்: "போலீஸ்காரன்டா." "ஆமாண்ணே," என்றார் தம்பி. அப்புறம்தான் இருவருக்கும் ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நோனி தனியாக உட்கார்ந்தாள். நிம்மதி வரவேண்டும், வரவில்லை. முன்பு ஸ்டேஷனில் யாருக்கும் பின்கதவு தெரியாது. இப்போது ஒருவனுக்குத் தெரியும். குடை தெரியும். வெண்ணெய்த் தொட்டி தெரியும். நாளைக்கு வந்து நின்று, அன்றைக்கு நான் காப்பாற்றினேனே என்பான். என்ன கேட்பான்? எப்போது கேட்பான்?

முன்கதவு தட்டப்பட்டது. அவன்தான். நனைந்து போயிருந்தான்.

"தொப்பியை விட்டுட்டுப் போயிட்டேம்மா."

தொப்பி நாற்காலியில்தான் இருந்தது. வேண்டுமென்றே விட்டுப் போனானோ என்று அவளுக்குத் தோன்றியது.

"சார்ஜென்ட் என்ன சொன்னாரு?"

"சொல்லக்கூடியதா எதுவும் சொல்லல." அவன் தொப்பியை எடுத்தான். "கோட்டைப் பாக்கணும்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு நீங்க கேக்கல."

"எப்படி?"

"நானா இருந்தா அதைத்தான் பாத்திருப்பேன். இன்னைக்கு நான் வேலைல இல்ல, சத்தியமா தங்க எடம்தான் தேடி வந்தேன். அடுத்த வருசம் வேலைல இருப்பேன். அடுத்த வருசம் நான் முன்கதவைத் தட்டுவேம்மா. இப்பவே சொல்லிடறேன்."

மிரட்டலா, எச்சரிக்கையா, நேர்மையா? அவன் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நோனி எழுந்தாள். ஒரு சுத்தமான கிளாஸை எடுத்தாள். ஜாடியைச் சாய்த்து, நுரை அடங்கக் காத்திருந்து, மறுபடி சாய்த்து, விளிம்பு தட்ட ஊற்றினாள். வாழ்நாளில் அவள் அப்படி யாருக்கும் ஊற்றியதில்லை.

"சர்க்கரைக்குப் பதிலா," என்றாள்.

அவன் கிளாஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். எதற்காக ஊற்றினாள் என்பது அவனுக்குப் புரியாமல் இல்லை.

"நெலவறைப் பிசாசு பட்டினி கெடக்கணும்ல," என்றாள் நோனி.

அவன் நின்றுகொண்டே குடித்தான். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தபோது கோட்டைத் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லாமல் கையை எடுத்தான். நோனி தன் சால்வையில் குத்தியிருந்த சின்னக் கொத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதை மூழ்கடித்து, மிச்சத்தைக் குடித்து, இடது தோளுக்கு மேலே எறிந்தான். அது தரைக்குப் போகாமல் வெள்ளையடித்த சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. கறுப்பு பீர் ஒரு கோடாகக் கீழே வழிந்தது.

அவன் திரும்பி அதைப் பார்த்தான்.

"துடைச்சிடுவீங்கல்ல?"

"துடைச்சிடுவேன் தம்பி."

அவன் போனதும் நோனி கிளாஸ்களைக் கழுவினாள். தொட்டியைக் கழுவினாள். தரையை ஒரு இலை மிச்சமில்லாமல் பெருக்கி, தண்ணீர் விட்டுத் துடைத்தாள். சுவர்ப் பக்கம் போகவே இல்லை. அடுத்த வருஷம் அவன் முன்கதவைத் தட்டும்போது காட்ட, ஈரம் காய்ந்து அந்த மூன்றிலை அங்கேயே இறுகட்டும் என்று விட்டாள். பிறகு மார்ட்டினின் படத்தை அடுப்பு மேடையிலிருந்து எடுத்து வந்து, அந்த இலையை மறைக்கிற மாதிரி ஒரு ஆணி அடித்து மாட்டினாள்.